வீசாத காற்று விளைத்த புயல்கள்

2005-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் காற்று வழக்கத்தைவிட மெலிந்து வீசியது. செய்தித்தாளில் இடம்பிடிக்கக்கூடிய நிகழ்வு இல்லை அது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கரீபியன் தீவுகளை நோக்கி ஆண்டு முழுவதும் வடகிழக்கிலிருந்து வீசுவது வியாபாரக் காற்று. கொலம்பஸின் பாய்மரங்களை மேற்கே கொண்டு சேர்த்ததும் அதுதான். அந்தக் காற்று சில மாதங்கள் தளர்ந்திருந்தது என்று சொன்னால் யாருக்கும் அச்சம் வராது. புயல் என்றாலே காற்று; காற்றுக் குறைந்தால் நல்லதுதானே என்றுதான் தோன்றும்.

அந்த ஆண்டு டிசம்பர் முடிவதற்குள் அட்லாண்டிக்கில் 28 புயல்கள் உருவாகியிருந்தன. அவற்றில் 15, மணிக்கு 119 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசிய ஹரிக்கேன்கள். நான்கு, காற்றின் வேகத்தை வைத்துப் புயலை வகைப்படுத்தும் அளவுகோலின் உச்சியான ஐந்தாம் வகையைத் தொட்டன: எமிலி, கத்ரீனா, ரீட்டா, வில்மா. ஆண்டுதோறும் தயாராக வைத்திருக்கும் 21 பெயர்களும் தீர்ந்துபோய், முதன்முறையாகக் கிரேக்க எழுத்துகளுக்குப் போக வேண்டியிருந்தது. ஆல்ஃபாவில் தொடங்கி ஜீட்டா வரை ஆறு எழுத்துகள். கடைசிப் புயலான ஜீட்டா டிசம்பர் 30 அன்று பிறந்து, புத்தாண்டைக் கடந்து ஜனவரி 6 வரை கடலில் அலைந்தது. இருபத்தெட்டாவது புயல் எது என்பதுகூட மறு ஆண்டு ஏப்ரலில்தான் தெரிந்தது. அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே அக்டோபரில் வந்துபோன ஒன்றைப் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோது கண்டெடுத்தார்கள்; அதற்குப் பெயரே இல்லை.

எண்ணிக்கைக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் மூழ்கியது. குவாத்தமாலாவில் அத்தித்லான் ஏரிக்கரையில் பனபாஹ் என்ற சிற்றூர் ஸ்டான் புயலின் மழையில் சரிந்த சேற்றுக்குள் புதைந்தது. ஸ்டான் வெறும் முதல் வகைப் புயல். காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பருவத்தின் பெரிய புயல்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் மத்திய அமெரிக்க மலைச்சரிவுகளில் அந்நாட்களில் பெய்த மழை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அழிவை எண்ணும்போது இந்தப் புயலை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே முதலில் சொல்கிறேன்.

இத்தனை புயல்கள் ஏன் வந்தன? இத்தனை அழிவு ஏன் நேர்ந்தது? ஒன்றுபோலத் தோன்றும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடைகள் வேறு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் 2005 விளங்கும்.

புயலை ஒரு வெப்ப எந்திரமாகப் பார்ப்பது அறிவியலில் பழகிப்போன வழி. கடல்நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அந்த ஈரக் காற்று மேலே எழுந்து குளிர்ந்து, ஆவி மீண்டும் நீர்த்துளியாகும்போது, உள்ளே மறைந்திருந்த வெப்பம் வெளியே வருகிறது. அதனால் சூடான காற்று இன்னும் மேலே எழ, கீழே அழுத்தம் குறைய, சுற்றிலுமிருந்து காற்று உள்ளே பாய்கிறது. பாயும் காற்று கடலை இன்னும் வேகமாக ஆவியாக்குகிறது. இந்தச் சுழற்சி தொடர்ந்தால் புயல். இதற்குக் கடல் மேற்பரப்பு சுமார் 26 அல்லது 27 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்று ஃபின்லாந்து வானிலையாளர் எரிக் பால்மேன் 1948-இல் காட்டினார். ஆனால் வெந்நீர் இருந்தால் மட்டும் புயல் வந்துவிடாது. வந்துவிடும் என்றால் கோடை முழுக்க, கடல் முழுக்கப் புயலாகவே இருக்கும். முதல் சுழலைத் தொடங்கி வைக்க ஒரு கலக்கம் வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும். மேலே எழும் வெப்பக் கம்பம் சாயாமல் நிற்கவும் வேண்டும்.

இப்போது அந்தத் தளர்ந்த காற்றுக்குத் திரும்பலாம். மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீரைக் காற்று உலர்த்த உலர்த்த உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. காற்றே புகாத மூலையில் பானையை வைத்தால் தண்ணீர் குளிராது. வெப்பமண்டலக் கடலும் அப்படித்தான். வெயில் நாள்தோறும் கொட்டும் வெப்பத்தில் பெரும்பங்கை ஆவியாதல் வழியாகவே கடல் இழக்கிறது. அந்த ஆவியாதலை நடத்துவது வியாபாரக் காற்று. அதோடு, காற்று கடலைக் கலக்கி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரையும் மேலே கொண்டுவருகிறது. காற்றுத் தளர்ந்தால் இரண்டு வேலையும் குறையும். 2005-இல் வெப்பமண்டல வட அட்லாண்டிக் ஏன் அப்படிச் சூடேறியது என்று ஆராய்ந்த கிரிகரி ஃபோல்ட்ஸ், மைக்கேல் மெக்ஃபேடன் இருவரும் கண்ட முதன்மைக் காரணம் இதுதான்: வடகிழக்கு வியாபாரக் காற்று மெலிந்ததால் கடல் தன் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போனது. வெயிலும் அந்த மாதங்களில் சற்றுக் கூடுதலாக விழுந்தது.

காற்று ஏன் மெலிந்தது? அசோர்ஸ் தீவுகளுக்கு மேலே நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்தப் பகுதிதான் வியாபாரக் காற்றைத் தெற்கு நோக்கித் தள்ளுவது. குளிர்காலத்தின் கடைசியில் அது வலுவிழந்திருந்தது. வேறொரு காரணம் வெகு தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருந்தது. 2004-05 குளிர்காலத்தில் அங்கே ஒரு மெல்லிய எல் நினோ இருந்து மறைந்தது. எல் நினோ நடக்கும் காலத்தில் அட்லாண்டிக் புயல்களை அது அடக்கும். ஆனால் அது ஓய்ந்த பிறகு வரும் வசந்தத்தில் வெப்பமண்டல அட்லாண்டிக்கின் காற்றைத் தளர்த்திக் கடலைச் சூடாக்கிவிட்டுப் போகும். 2005-இல் புயல் பருவம் தொடங்குவதற்குள் எல் நினோ போய்விட்டது. அது விட்டுச்சென்ற வெப்பம் மட்டும் கடலில் தங்கியது.

இந்தச் சூட்டுக்குச் சாட்சி சொன்னவை புயல்கள் மட்டும் இல்லை. கிழக்குக் கரீபியனில் பவளப்பாறைகள் அதுவரை பதிவாகாத அளவு வெளிறின. ஆய்வு செய்யப்பட்ட பவளங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெளிறியதாகவும், பல இடங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இறந்துபோனதாகவும் பின்னர் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு அமேசான் காட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கடும் வறட்சி. ஆறுகள் வற்றி, படகை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் துண்டிக்கப்பட்டன. சூடேறிய வட அட்லாண்டிக் மழைப்பட்டையை வடக்கே இழுத்துக்கொண்டதால், அமேசானுக்கு மேலே காற்று எழுவதற்குப் பதில் இறங்கியது. நியூ ஆர்லியன்ஸின் வெள்ளமும் அமேசானின் வறட்சியும் ஒரே கடலின் இரண்டு வேலைகள். பவளங்களைப் பற்றி என் மனத்தில் தங்கிவிட்ட தகவல் ஒன்று உண்டு. ஃபுளோரிடா கடலோரப் பவளங்கள் அந்த ஆண்டு ஓரளவு தப்பித்தன. அடுத்தடுத்து அவ்வழியே கடந்த புயல்கள் கடலைக் கலக்கிக் குளிரச் செய்ததால். எந்தப் புயலும் எட்டிப்பார்க்காத வர்ஜின் தீவுகளில் பவளங்கள் வெந்நீரிலேயே கிடந்து மடிந்தன.

வெந்நீர் தயார். ஆனால் எந்திரம் ஓட வேண்டும் என்றால் மேலேயும் ஒரு காற்று வீசாமல் இருக்க வேண்டும்.

புயலின் வெப்பக் கம்பம் கடல்மட்டத்திலிருந்து 12, 15 கிலோமீட்டர் உயரம் வரை நிற்கிறது. கீழே கிழக்கிலிருந்து ஒரு காற்றும், மேலே மேற்கிலிருந்து பலமாக இன்னொரு காற்றும் வீசினால் அந்தக் கம்பம் சாய்ந்துவிடும். தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். நடுவில் திரள வேண்டிய வெப்பம் சிதறிப்போகும். இந்தக் காற்று வேறுபாட்டை வானிலையாளர்கள் விண்ட் ஷியர் என்கிறார்கள். ஏறக்குறைய விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் புயல் வளர்வது கடினம். வங்கக்கடல் வாசிகளுக்கு இதை விளக்க வெளியே எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் நன்றாகவே வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆனாலும் பெரும்புயல்கள் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் என்று இரண்டு பருவங்களில்தான் வருகின்றன. இடையில் தென்மேற்குப் பருவக்காற்று கீழே ஒரு திசையிலும், அதற்கு மேலே வலுவான கீழைக் காற்று எதிர்த் திசையிலும் வீசுகின்றன. புயல் தலையெடுக்க அங்கே இடமில்லை.

அந்த மேலடுக்குக் கீழைக் காற்றுக்கு அட்லாண்டிக் கதையிலும் பங்கு உண்டு. கோடையில் தென்னிந்தியாவுக்கு மேலே, ஏறக்குறைய சென்னையின் அகலாங்கில், மிக உயரத்தில் பாயும் அந்த ஜெட் காற்றோட்டத்தை 1958-இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். அது அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா முழுவதும் மேற்கே நீள்கிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பருவமழை வலுவாக இருக்கும் ஆண்டுகளில் அதன் மேற்கு முனை அட்லாண்டிக்குக்குள்ளும் நீண்டு, அங்கே மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்றை வலுவிழக்கச் செய்கிறது. கீழேயும் கிழக்குக் காற்று, மேலேயும் கிழக்குக் காற்று என்றால் வேறுபாடு குறைகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியின் மழைக்கும் அட்லாண்டிக்கின் பெரும்புயல்களுக்கும் உள்ள உறவை வில்லியம் கிரே பல்லாண்டு முன்பே கவனித்திருந்தார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் புயல் பருவத்தை முன்கூட்டிக் கணிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். எல் நினோ அட்லாண்டிக் புயல்களை அடக்குவது இந்த மேலடுக்குக் காற்றின் வழியாகத்தான் என்பதும் அவர் ஆய்வுகளிலிருந்து வந்த புரிதல். பெரும் அட்லாண்டிக் புயல்களில் மிகப்பெரும்பாலானவற்றுக்கு விதையாக இருப்பதும் ஆப்பிரிக்காதான். கோடையில் மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை அங்கிருந்து ஒரு காற்றலை கடலுக்குள் இறங்குகிறது. எல்லா ஆண்டும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான்; எத்தனை முளைக்கும் என்பதுதான் மாறுகிறது.

2005 கோடையில் எல் நினோ இல்லை. கரீபியனிலும் அட்லாண்டிக்கின் நடுப்பகுதியிலும் மேலடுக்கில் மேற்குக் காற்று அடங்கியிருந்தது. கடல்மட்ட அழுத்தம் குறைந்திருந்தது. ஆக, கடலைக் குளிர்விக்க வேண்டிய காற்று வசந்தத்தில் வரவில்லை. புயலைச் சாய்க்க வேண்டிய காற்று கோடையில் வரவில்லை. ஜூலை முடிவதற்குள் ஏழு புயல்கள் பெயர் பெற்றன; அதற்குமுன் கண்டிராத எண்ணிக்கை. ஜூலை மாதத்தில் அட்லாண்டிக் பொதுவாக அமைதியாகவே இருக்கும். அந்த ஜூலையில் டென்னிஸ் நான்காம் வகைப் புயலாகக் கியூபாவைத் தாக்கியது. எமிலி 16-ஆம் தேதி ஐந்தாம் வகையை எட்டியது. அமெரிக்க வானிலை நிறுவனமான நோவா மே மாதத்தில் 12 முதல் 15 புயல்கள் என்று சொல்லியிருந்த கணிப்பை ஆகஸ்ட் தொடக்கத்தில் 18 முதல் 21 என்று உயர்த்தியது. அதுவும் போதவில்லை.

இதுவரை சொன்னது முதல் கேள்விக்கு விடை. இரண்டாம் கேள்விக்குக் கடலின் மேற்பரப்பைப் பார்த்தால் மட்டும் போதாது.

புயல் தான் நிற்கும் கடலைத் தானே கலக்குகிறது. மேற்பரப்பில் மெல்லிய வெந்நீர்ப்படலம் மட்டும் இருந்தால், புயலின் காற்று அடியிலிருக்கும் குளிர்ந்த நீரைக் கிளறி மேலே கொண்டுவந்து தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். வெந்நீர் ஆழமாக இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் வருவது வெந்நீர்தான். மெக்சிகோ வளைகுடாவில் இப்படி ஓர் ஆழமான வெந்நீர்ப் பாதை உண்டு. கரீபியனின் வெதுவெதுப்பான நீர் யுகட்டான் கால்வாய் வழியாக வளைகுடாவுக்குள் நுழைந்து, வடக்கே ஏறி, வளைந்து திரும்பி, ஃபுளோரிடா நீரிணை வழியாக வெளியேறுகிறது. லூப் நீரோட்டம் என்பது அதன் பெயர். அவ்வப்போது அந்த வளைவு மிக நீண்டு, முனை அறுந்து, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வெந்நீர்ச் சுழலாகத் தனியே மிதக்கும். வளைகுடாவின் மற்ற இடங்களில் 26 டிகிரி நீர் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் முடிந்துவிட, இந்த நீரோட்டத்திலும் சுழலிலும் அது 100 மீட்டருக்கும் கீழே போகிறது.

கோடையில் மேலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. ஆகஸ்டில் வளைகுடா முழுவதும் மேற்பரப்பு ஏறக்குறைய 30 டிகிரி, ஒரே சீராக. ஆனால் வெந்நீர் விரியும்; ஆழமான வெந்நீர் இருக்கும் இடத்தில் கடல்மட்டம் சில பத்துச் சென்டிமீட்டர் உப்பியிருக்கும். அந்தச் சிறு மேட்டைச் செயற்கைக்கோளின் ரேடார் அளந்துவிடுகிறது. 1995 அக்டோபரில் ஓபல் புயல் ஒரே இரவில் எதிர்பாராமல் வெறிகொண்டு வளர்ந்தபோது, அது அப்படியொரு சுழலின் மேலே கடந்ததை மியாமி பல்கலைக்கழகத்தின் லின் ஷேயும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து அதே பாடம் இன்னும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டது.

கத்ரீனா ஆகஸ்ட் 23 அன்று பஹாமாஸ் தீவுகளுக்கு மேலே உருவானது. இரண்டு நாளில் முதல் வகைப் புயலாக ஃபுளோரிடாவின் தென்முனையைக் கடந்து வளைகுடாவுக்குள் இறங்கியது. அங்கே அது போன வழி லூப் நீரோட்டத்தின் மேலேயும் அதை ஒட்டிய வெந்நீர்ச் சுழலின் மேலேயும் அமைந்தது. 28-ஆம் தேதி மைய அழுத்தம் 902 மில்லிபார். காற்று மணிக்கு 280 கிலோமீட்டர். அது வளர்ந்ததையும் தளர்ந்ததையும் மேற்பரப்பு வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. கடல்மட்ட மேட்டோடு ஒப்பிட்டபோது கிடைத்தது. 29-ஆம் தேதி காலை லூசியானாவின் பூரஸ் அருகே கரையைக் கடந்தபோது வேகம் 205 கிலோமீட்டராகக் குறைந்து மூன்றாம் வகையாகியிருந்தது. ஆனால் புயலின் அகலம் குறையவில்லை. ஐந்தாம் வகையில் இருந்தபோது கடலில் எழுப்பிய அலைகளும் அடங்கவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியனில் கடல் எட்டரை மீட்டர் உயர்ந்து ஊருக்குள் வந்தது. 1969-இல் அதே கரையைத் தாக்கிய கமீல் ஐந்தாம் வகைப் புயல். கமீலையே தாங்கிய வீடு இது என்று நம்பித் தங்கிவிட்டவர்கள் பலர். கமீல் வேகம் மிகுந்த, ஆனால் ஒடுங்கிய புயல். கத்ரீனா அகன்ற புயல். வகை எண் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஒற்றை எண்ணை வைத்துப் புயலை அளக்கும் பழக்கம் உயிர்களைப் பறித்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததில் வானத்துக்கும் கடலுக்கும் மட்டும் பழி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 17-ஆவது தெருக் கால்வாயின் மதில் உட்பட நகரைக் காக்க எழுப்பிய சுவர்களும் கரைகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. சில இடங்களில் நீர் மதிலின் உச்சியைத் தொடுவதற்கு முன்பே மதில் சாய்ந்தது. வடிவமைப்பில் பிழை இருந்ததை அவற்றைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வறிக்கையே 2006-இல் ஒப்புக்கொண்டது. இழப்பு அன்றைய மதிப்பில் 12,500 கோடி டாலர்.

மூன்று வாரத்தில் ரீட்டா அதே வளைகுடாவுக்குள் வந்து, அதே ஆழமான வெந்நீரில் 895 மில்லிபாருக்கு இறங்கியது. செப்டம்பர் 24 அன்று டெக்சஸ்-லூசியானா எல்லைக் கரையைத் துடைத்தெடுத்தது. அக்டோபரில் வில்மா. வெந்நீர் மிக ஆழமாகச் சேரும் வடமேற்குக் கரீபியனில் பிறந்த அது, அக்டோபர் 18-19 தேதிகளில் 24 மணி நேரத்தில் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகைக்குத் தாவியது. அழுத்தம் அந்த ஒரு நாளில் 97 மில்லிபார் சரிந்து 882-இல் நின்றது. அட்லாண்டிக்கில் அளக்கப்பட்டதில் அதுவே மிகக் குறைவு. நடுவிலிருந்த கண் நான்கு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. பிறகு யுகட்டான் முனையில் ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்றது. இஸ்லா முஹேரஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பதிவானது. சென்னையின் ஆண்டு சராசரி மழையைவிடக் கூடுதல் அது.

அழிவுக்கு இன்னொரு காரணம் திசை. புயல் தானாக எங்கும் போவதில்லை. சுற்றியிருக்கும் பெரிய காற்றோட்டம் அதை ஏந்திச் செல்கிறது. அட்லாண்டிக்கில் பிறக்கும் பல புயல்கள் நடுக்கடலிலேயே வடக்கே வளைந்து, யாரையும் தொடாமல் குளிர்ந்த நீரில் கரைந்துபோகும். 2005-இல் மேற்கு அட்லாண்டிக்கிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் நிலைத்திருந்த உயர் அழுத்தம் அந்த வளைவைத் தடுத்தது. அதைவிட முக்கியமாக, பல புயல்கள் பிறந்ததே கரைக்கு அருகில். கத்ரீனா பஹாமாஸில், ரீட்டா டர்க்ஸ் தீவுகளுக்கு அருகில், வில்மா ஜமைக்காவுக்கு அருகில். வளைகுடாவுக்குள்ளோ கரீபியனுக்குள்ளோ பிறந்த புயலுக்கு நிலத்தைத் தொடாமல் தப்பிக்க வழி குறைவு. அந்த ஒரே பருவத்தில் டென்னிஸ், கத்ரீனா, ரீட்டா, வில்மா என்று மூன்றாம் வகைக்குக் குறையாத நான்கு புயல்கள் அமெரிக்கக் கரையைக் கடந்தன.

எண்ணிக்கையும் அழிவும் வேறு என்று நான் சொன்னதற்கு 2010 நல்ல சாட்சி. அந்த ஆண்டும் கடல் கடுமையாகச் சூடேறியிருந்தது. 12 ஹரிக்கேன்கள் உருவாயின. ஒன்றுகூட அமெரிக்காவில் கரை ஏறவில்லை. மறுபக்கம், 1992 அமைதியான பருவம். ஆனால் அதில் வந்த ஆண்ட்ரூ தெற்கு ஃபுளோரிடாவைச் சிதைத்துப்போட்டது. வில்மாவுக்குப் பிறகு 2017-இல் ஹார்வி வரும் வரை, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், மூன்றாம் வகை அல்லது அதற்கு மேற்பட்ட எந்தப் புயலும் அமெரிக்காவில் கரையைக் கடக்கவில்லை. கடல் குளிர்ந்துவிட்டதால் இல்லை. புயல்களை ஏந்திச் சென்ற காற்று வேறு பக்கம் போனதால்.

பாடநூல் விதிக்கு அடங்காத புயல்களும் அந்த ஆண்டில் இருந்தன. அக்டோபரில் மடேரா தீவுக்கு அருகே 23, 24 டிகிரி நீரில் வின்ஸ் உருவாகி, வலுக்குறைந்து ஸ்பெயினின் தென்மேற்குக் கரையை அடைந்தது. எப்சிலான் டிசம்பரில் குளிர்ந்த கடலின் மேலே நாள்கணக்கில் ஹரிக்கேனாகவே இருந்தது. மேலே காற்று மிகக் குளிர்ந்திருந்தால் கீழே நீர் அவ்வளவு சூடாக இருக்க வேண்டியதில்லை. எந்திரத்துக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு. 26 டிகிரி என்பது அனுபவம் தந்த எல்லைதான்.

இனி, புவி வெப்பமாதல் புயல்களை வலுப்படுத்துகிறதா என்று அந்த ஆண்டே வெடித்த சர்ச்சை. புயலின் அழிவாற்றல் காற்றின் வேகத்தின் மும்மடியோடு கூடுகிறது. அந்தக் கணக்கை வைத்து முப்பது ஆண்டுகளில் புயல்களின் மொத்த ஆற்றல் கடல் வெப்பத்தோடு சேர்ந்து உயர்ந்திருக்கிறது என்று மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கெரி இமானுவேல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது 2005 ஆகஸ்ட் தொடக்கத்தில். கத்ரீனா கரையேறியது அந்த மாதக் கடைசியில். உலகெங்கும் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் நான்காம் ஐந்தாம் வகைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கின்றன என்று பீட்டர் வெப்ஸ்டரும் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது செப்டம்பர் 16-இல். இரண்டு நாளில் ரீட்டா உருவானது. ஆய்வும் நிகழ்வும் இப்படி நேருக்கு நேர் மோதிக்கொள்வது அறிவியலில் அரிது.

எதிர்ப்பும் உடனே வந்தது. பழைய பதிவுகளில் வேகங்கள் சரியாக அளக்கப்படவில்லை, செயற்கைக்கோள் இல்லாத காலத்தோடு ஒப்பிட முடியாது என்றார் புயல் ஆய்வாளர் கிறிஸ் லேண்ட்சி. வில்லியம் கிரேயும் வேறு பலரும் இது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இயற்கையான அட்லாண்டிக் அலைவு என்றார்கள். 1971 முதல் 1994 வரை அட்லாண்டிக் ஓய்ந்திருந்தது, 1995 முதல் விழித்துக்கொண்டது. இந்த விழிப்பு இன்னும் 10 முதல் 40 ஆண்டுகள் நீடிக்கலாம் என்று 2001-லேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் ஓய்வுக் காலத்துக்கே வேறொரு விளக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பியத் தொழிற்சாலைகள் கக்கிய கந்தகப் புகையின் துகள்கள் அட்லாண்டிக்குக்கு மேலே வெயிலை மறைத்துக் கடலைக் குளிர்வித்தன. புகையைச் சட்டங்கள் கட்டுப்படுத்தியதும் மறைந்திருந்த வெப்பம் தெரிய வந்தது என்று மைக்கேல் மானும் இமானுவேலும் 2006-இல் வாதிட்டார்கள்.

கெவின் டிரென்பர்த்தும் டென்னிஸ் ஷேயும் 2006-இல் செய்த கணக்குதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. காரணம் எது என்று கேட்காமல், எது எவ்வளவு என்று அவர்கள் கேட்டார்கள். 2005 ஜூன் முதல் அக்டோபர் வரை வெப்பமண்டல வட அட்லாண்டிக் 1901-1970 சராசரியைவிடச் சுமார் 0.9 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி, 0.45 டிகிரி, உலகக் கடல்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறியது. எல் நினோ விட்டுச்சென்றது சுமார் 0.2. அட்லாண்டிக்கின் நீண்டகால அலைவுக்கு 0.1-க்கும் குறைவு. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் வானிலை. இந்தப் பங்குகளைப் பிரிக்கும் முறையில் கருத்து வேறுபாடு கொள்ளலாம். ஆனால் கேள்வியை அவர்கள் வைத்த விதம் சரி. வியாபாரக் காற்று தளர்வது எப்போதும் நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். தளரும் அந்த வசந்தத்தில் கடல் ஏற்கெனவே அரை டிகிரி மேலே நின்றிருந்தால், அதன்மேல் ஏறும் சூடு வேறோர் உயரத்தைத் தொடும். அரை டிகிரிதானே என்று தோன்றலாம். மேற்பரப்பில் மட்டும் இல்லாமல் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு அந்த அரை டிகிரி என்று எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணின் எடை தெரியும்.

2005-இன் எண்ணிக்கைச் சாதனை 2020-இல் முறிந்தது. அந்த ஆண்டு 30 புயல்கள். அதைவிடக் கவனத்துக்குரியது 2023. வசந்தத்தில் அசோர்ஸ் உயர் அழுத்தம் மீண்டும் தளர்ந்தது. வியாபாரக் காற்று மீண்டும் மெலிந்தது. வட அட்லாண்டிக் அதுவரை இல்லாத சூட்டை எட்டியது. ஆனால் இம்முறை பசிபிக்கில் வலுவான எல் நினோ வளர்ந்துகொண்டிருந்தது. வெந்நீர் புயலை அழைக்கிறது, மேலடுக்குக் காற்று அதைச் சாய்க்கப் பார்க்கிறது. இரண்டில் எது வெல்லும் என்பதை இதுபோல் நேருக்கு நேர் சோதித்த ஆண்டு அண்மையில் வேறில்லை. எல் நினோ ஆண்டில் புயல்கள் குறைய வேண்டும். 20 புயல்கள் வந்தன. பெரும்பாலானவை நடுக்கடலில் வளைந்து போய்விட்டன.

மறு ஆண்டு அந்தக் காப்பும் இல்லை. எல் நினோ ஓய்ந்திருந்தது, கடலின் சூடு மட்டும் ஓயவில்லை. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைப் புயலாகக் கரியாகூ தீவைத் தாக்கியது. அடுத்த நாள் ஐந்தாம் வகையை எட்டி, ஐந்தாம் வகையின் மிக முந்திய தேதி என்று எமிலி 2005-இல் வைத்த சாதனையை இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தது. அப்போது கரீபியன் கடல் தன் ஆழத்தில் வைத்திருந்த வெப்பம், வழக்கமாக அங்கே செப்டம்பர் நடுவில்தான் சேரும்.